மூளை, பழக்கம், புது மண்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மூளை பெரிய விலங்குகள்தான் புது இடத்தில் சுலபமாகப் பிழைத்துக்கொள்ளும் என்று படித்தேன். அப்படியானால் யானை அல்லவா உலகமெங்கும் பரவியிருக்க வேண்டும்? எல்லா ஊரிலும் இருப்பது எலிதானே? (வங்கி ஊழியர், நாகர்கோவில்)

பதில்: சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். ஆய்வாளர்கள் "பெரிய மூளை" என்று சொல்லும்போது தராசு எடையைச் சொல்வதில்லை. யானையின் மூளை சுமார் 5 கிலோ, நம்முடையது 1.35 கிலோ. உடலோடு சதவீதம் போட்டுப் பார்த்தாலும் சரிப்படாது. மனித மூளை உடல் எடையில் 2 சதவீதம், ஆனால் சில மூஞ்சூறு இனங்களில் அது 10 சதவீதம் வரை வருகிறது. உடல் சிறுக்கும் வேகத்துக்கு மூளை சிறுப்பதில்லை என்பதே காரணம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு: இத்தனை பெரிய உடம்புக்கு எவ்வளவு மூளை இருக்கும் என்று எதிர்பார்க்கலாம், உள்ளபடி இருப்பது அதற்கு மேலா, கீழா?

பாலூட்டிகளுக்கு ஹாரி ஜெரிசன் 1973-இல் ஒரு கணக்கு கொடுத்தார். கைப்பேசிக் கால்குலேட்டரிலேயே போடலாம். உடல் எடையைக் கிராமில் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கனமூலத்தைக் கண்டு, அதை வர்க்கப்படுத்தி, 0.12-ஆல் பெருக்குங்கள். எதிர்பார்க்கும் மூளை எடை கிராமில் கிடைக்கும். உண்மையான எடையை அதனால் வகுத்தால் விகிதம் வந்துவிடும். 65 கிலோ மனிதருக்கு எதிர்பார்ப்பது 194 கிராம், இருப்பது 1,350. விகிதம் 7. மூன்று டன் யானைக்கு எதிர்பார்ப்பது இரண்டரைக் கிலோ, இருப்பது ஐந்து. விகிதம் 2. பூனைக்கு ஏறக்குறைய 1. முந்நூறு கிராம் எலிக்கு 5.4 கிராம் இருக்க வேண்டும், இருப்பதோ 2 கிராம்தான். விகிதம் 0.4-ஐத் தொடாது. கிலோவை அப்படியே போட்டுவிட்டுக் கணக்கு உதைக்கிறது என்பவர்கள் நிறைய. கொழுத்த வளர்ப்புப் பிராணியின் எடையைப் போட்டாலும் விடை கெடும். பறவைகளுக்கு இந்த 0.12 பொருந்தாது.

எலி இந்தக் கணக்கில் தோற்றுத்தான் போகிறது. ஆனால் புது இடத்தில் பிழைப்பதற்கு மூளை மட்டுமே முதல் அல்ல. எலியின் சினைக்காலம் 21 முதல் 23 நாள். பத்துக் குட்டியில் எட்டு செத்தாலும் அதன் வம்சம் தாங்கும். இரண்டு ஆண்டுக்குக் கிட்டத்தட்டச் சுமந்து ஒரே கன்று ஈனும் யானைக்கு அந்த வசதி இல்லை. மேலும், இந்தத் துறையின் ஆய்வுகள் எலியையும் யானையையும் எதிரெதிரே நிறுத்துவதில்லை. உறவுமுறையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, நெருங்கிய இனங்களுக்குள் எது தேறியது, எது தேறவில்லை என்றுதான் பார்க்கின்றன.

கேள்வி: சரி, அதை யார், எப்படி நிரூபித்தார்கள்? விலங்குகளைக் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார்களா? (கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: விட்டவர்கள் வேறு, கணக்குப் பார்த்தவர்கள் வேறு. 19-ஆம் நூற்றாண்டில் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் குடியேறிய ஐரோப்பியர்கள் தங்கள் ஊர்ப் பறவைகளைக் கூண்டு கூண்டாகக் கப்பலில் கொண்டுபோய்த் திறந்துவிட்டார்கள். எந்த இனம், எந்த ஆண்டு, எத்தனை சோடி என்று பல இடங்களில் எழுதியும் வைத்தார்கள். 1890-இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் விட்ட 60 ஸ்டார்லிங் பறவைகள் அப்படிப்பட்ட ஒரு பதிவு. தேறியவை மட்டுமல்ல, செத்து மறைந்தவையும் ஏட்டில் ஏறின. ஆய்வுக்கு உயிரே அந்தத் தோல்விக் கணக்குதான்.

டேனியல் சோல், லூயி லெஃபேவர் குழுவினர் 2005-இல் இப்படி 600-க்கும் மேற்பட்ட பறவை அறிமுகங்களை அலசினார்கள். உடலுக்கு எதிர்பார்ப்பதைவிட மூளை பெரிதாக உள்ள இனங்கள் அதிகம் நிலைத்திருந்தன. 2008-இல் பாலூட்டிகளிலும், 2011-இல் வேறொரு குழு பார்த்தபோது ஊர்வன, நீர்நில வாழ்வனவற்றிலும் அதே போக்கு தெரிந்தது. மீன்களில் மட்டும் தெரியவில்லை. 2007-இல் வந்த ஓர் ஆய்வில் மீன்களுக்கு முட்டை எண்ணிக்கையும் குஞ்சுப் பராமரிப்பும்தான் கைகொடுத்தன.

மூளைக்கும் பிழைப்புக்கும் நடுவில் இருப்பது பழக்கம். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்த லெஃபேவர் பறவை இதழ்களின் கடைசிப் பக்கங்களில் வரும் துணுக்குச் செய்திகளைத் திரட்டினார்: "இந்தப் பறவை இப்படித் தின்று இதுவரை யாரும் கண்டதில்லை" என்ற வகையானவை. இனம் இனமாக எண்ணினால், முன்மூளை பெரிதான கூட்டங்களில் இத்தகைய புதுமைகள் கூடுதல். மக்கள் அதிகம் கவனிக்கும் பறவைக்கு அதிகத் துணுக்கு வருமே என்ற சந்தேகம் நியாயமானது, அதற்கும் திருத்தம் போட்டுத்தான் கணக்கிட்டார்கள்.

இத்தகைய ஆய்வைப் படிக்கும்போது ஒன்றைத் தேடுங்கள்: விட்ட எண்ணிக்கையைக் கணக்கில் சேர்த்தார்களா? நாலு பறவையை விட்ட இடத்தையும் நானூறு விட்ட இடத்தையும் சமமாக வைத்தால் எந்த முடிவும் செல்லாது. பறவை நிலைப்பதைத் தீர்மானிப்பதில் அந்த எண்ணிக்கைக்கு இருக்கும் வலு மிக அதிகம்.

கேள்வி: எங்கள் ஊர்க் காகம் ஆப்பிரிக்காவில் பெரிய தலைவலியாக இருக்கிறதாமே? அத்தனை தூரம் பறந்தா போயிற்று? (வாசகர், கொழும்பு)

பதில்: பறந்து போகவில்லை, கப்பலேறிப் போனது. சில இடங்களுக்கு மனிதரே அழைத்துப் போனார்கள். 1890-களில் மலாயாவின் கிள்ளான் பகுதிக்குக் காப்பித் தோட்டப் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்துதான் காகங்களைக் கொண்டு சென்றார்கள். அதே பத்தாண்டில் சான்சிபார் தீவுக்குக் குப்பை தின்னப் போயிற்று. 1947-இல் மொம்பாசா, 1972-இல் டர்பன் என்று துறைமுகம் துறைமுகமாகத் தென்பட்டது. 1994-இல் நெதர்லாந்தின் ஹூக் வான் ஹாலந்து துறைமுகத்தில் இரண்டு காகங்கள் வந்து இறங்கின. பனி கொட்டும் அந்த ஊரிலும் குஞ்சு பொரித்தன.

ஊர்க் காகத்தின் பலமும் பலவீனமும் ஒன்றே. மனிதரை விட்டுத் தனியே வாழும் ஊர்க் காகக் கூட்டம் எங்கும் அறியப்படவில்லை. அது பழகிக்கொண்டது மனிதக் குடியிருப்பு என்ற ஒரே சூழலுக்குத்தான். சென்னை மீன் சந்தைக்கும் மொம்பாசா மீன் சந்தைக்கும் காகத்தின் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, "எந்தச் சூழலுக்கும் பழகும்" என்பது கொஞ்சம் மிகை. பழகிய சூழலை உலகமெங்கும் கட்டி வைத்தவர்கள் நாம்.

அகற்றுவது கடினமாக இருப்பதற்குத்தான் மூளை காரணம். சியாட்டிலில் ஜான் மார்ஸ்லஃப் 2006-இல் ஒரு முகமூடி அணிந்து ஏழு அமெரிக்கக் காகங்களைப் பிடித்து வளையமிட்டு விட்டார். பல ஆண்டுகள் கழித்தும் அந்த முகமூடியைக் கண்டாலே காகங்கள் கத்தித் துரத்தின. பிடிபடாதவையும் சேர்ந்துகொண்டன. ஊர்க் காகத்தைத் துப்பாக்கியால் ஒழிக்க முயன்றவர்கள் பட்ட பாடும் இதே மாதிரிதான்: முதல் நாள் சில விழும், பிறகு அந்த ஆளையும் வண்டியையும் கண்டதுமே கூட்டம் கலைந்துவிடும்.

ஆகவே பெரிய கம்பிக் கூண்டு வைக்கிறார்கள். இரண்டு மூன்று மீட்டர் நீள அகலம், மேலே ஏணி போன்ற திறப்பு. சிறகை மடக்கி இறங்கலாம், விரித்து ஏற முடியாது. உள்ளே இறைச்சித் துண்டும், தண்ணீரும், நிழலும், அழைப்புக்காக உயிருள்ள சில காகங்களும் இருக்க வேண்டும். பிடித்தவற்றை மற்றக் காகங்களின் கண்முன் கையாளக் கூடாது. பகலில் கூண்டுக்குள் புகுந்து பிடித்தால் அந்த இடமே அவற்றுக்கு ஆகாத இடமாகிவிடும். கென்யாவிலும் சான்சிபாரிலும் பயன்பட்ட ஸ்டார்லிசைட் என்ற நஞ்சும் மெதுவாக வேலை செய்வதால்தான் தேர்வானது. தின்ற இடத்தில் சாகாததால் மற்றவை இரையோடு சாவை முடிச்சுப் போடுவதில்லை.

கேள்வி: கடையில் எலிக்கூண்டு வைத்தேன். ஒன்று மாட்டியது. பிறகு ஒரு வாரமாக எதுவும் வரவில்லை. மற்ற எலிகள் பார்த்துப் புரிந்துகொண்டனவா? (மளிகைக் கடைக்காரர், விருதுநகர்)

பதில்: பார்த்துப் புரிந்தது ஒரு பங்கு என்றால், புதுப்பொருள் பயம் மூன்று பங்கு. முதலில் உங்கள் கடையில் இருப்பது பெரிய வீட்டெலியா, சுண்டெலியா என்று பாருங்கள். இரண்டின் சுபாவமும் நேர் எதிர். பெரிய எலி, போகும் பாதையில் நேற்று இல்லாத பொருள் இன்று இருந்தால் நாள்கணக்கில் ஒதுங்கும். சுண்டெலி போய் முகர்ந்து பார்க்கும்.

பெரிய எலிக்கு: கூண்டைச் சுவரோரம் அது ஓடும் தடத்தில் வையுங்கள். முதல் நான்கைந்து நாள் கதவு விழாதபடி கட்டி வைத்து, தினமும் இரை மட்டும் வையுங்கள். இரை காலியாவது இரண்டு நாள் தொடர்ந்த பிறகே கட்டை அவிழ்க்க வேண்டும். இடையில் கூண்டை இடம் மாற்றினால் பயம் முதலிலிருந்து தொடங்கும். அடிப்பொறி என்றால் சுவருக்குக் குறுக்காக, இரை வைக்கும் முனை சுவரைத் தொடும்படி வையுங்கள். சுண்டெலிக்கு இந்தக் காத்திருப்பு வீண். அதன் நடமாட்டம் சில மீட்டருக்குள் அடங்கிவிடும். எனவே இரண்டு மூன்று மீட்டருக்கு ஒன்றாக நிறையப் பொறிகளை வையுங்கள். ஒரு பொறி இரண்டு நாள் சும்மா இருந்தால் இடத்தை மாற்றுங்கள்.

விஷம் வைப்பதிலும் இதே சுபாவம் குறுக்கே வரும். எலியால் வாந்தி எடுக்க முடியாது. ஆகவே புது இரையைக் கொஞ்சமாகக் கடித்துவிட்டுக் காத்திருக்கும். உடம்புக்கு ஆகாவிட்டால் அந்தச் சுவையை மறுபடி தொடாது. சாப்பிட்டதற்கும் நோவுக்கும் இடையில் மணிக்கணக்கில் இடைவெளி இருந்தாலும் இந்தப் பாடம் பதியும் என்பதை அமெரிக்க உளவியலாளர் ஜான் கார்சியா 1950-களிலிருந்து காட்டிவந்தார். சிங்க் பாஸ்பைடு சில மணி நேரத்தில் வேலையைக் காட்டுவதால், குறைவாகத் தின்று தப்பிய எலிகள் அந்த இரையையே வெறுத்துவிடும். அதனால்தான் வயலில் 98 பங்கு நொய்யும் 2 பங்கு எண்ணெயும் கலந்த வெறும் இரையை இரண்டு மூன்று நாள் வைத்துப் பழக்கி, அதன் பிறகே 96 பங்கு நொய், 2 பங்கு எண்ணெய், 2 பங்கு மருந்து என்று ஒரே ஒரு நாள் வைக்கச் சொல்கிறார்கள். உணவுப் பொருள் விற்கும் கடைக்குள் இந்த மருந்தைக் கொண்டுவரவே வேண்டாம். ஈரம் பட்டால் நச்சு வாயு வரும், அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. புரோமாடியோலோன் பல நாள் கழித்து இரத்தம் உறையாமல் செய்து கொல்வது. எலியால் காரணத்தைப் பிடிக்க முடியாது. ஆனால் அதையும் பூட்டிய இரைப் பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும்.

உபரியாக ஒன்று: எலி ஊர் மாறும்போது எதைத் தின்னலாம் என்பதைத் தோழனின் மூச்சை முகர்ந்தே கற்றுக்கொள்ளும். அந்தத் தோழன் அதே இரையால் நோயுற்றுக் கிடந்தாலும் அது விலகக் கற்காது. இதைக் கண்டறிந்தவர் பென்னட் கேலெஃப். எலியின் பாடத்திட்டத்தில் ஓர் ஓட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பறவைகளின் புதுப்பொருள் பயத்தை மாணவர்களே அளக்க ஒரு செய்முறை சொல்ல முடியுமா? (அறிவியல் ஆசிரியை, மன்னார்குடி)

பதில்: தாராளமாக. ஒரே மாதிரியான வெள்ளைத் தட்டு, நிறுத்தக் கடிகாரம், நோட்டு போதும். பள்ளி மொட்டைமாடியில் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, தினமும் காலையில் ஒரே நேரத்தில் ஒரே அளவு, உதாரணமாக 50 கிராம், சோறு வையுங்கள். ஒரு வாரம் எதையும் அளக்க வேண்டாம், வரும் பறவைகள் பழகட்டும். இரண்டாம் வாரம் மூன்று நாள், தட்டு வைத்த நொடியிலிருந்து முதல் கொத்து விழும் வரை நேரம் குறியுங்கள். இது அடிப்படை நேரம். நான்காம் நாள் தட்டிலிருந்து 10 சென்டிமீட்டரில் ஒரு புதுப்பொருள்: பச்சை பாட்டில், மஞ்சள் டப்பா, எதுவானாலும். அடுத்த நாள் பொருள் இல்லாமல், அதற்கடுத்த நாள் வேறொரு பொருள். இப்படி மாற்றி மாற்றி ஐந்து பொருள்கள். 20 நிமிடம் வரை எதுவும் வராவிட்டால் "20+" என்று எழுதி முடியுங்கள். அதைக் கணக்கிலிருந்து தூக்கி எறியாதீர்கள், மிகப் பயந்த பறவையைத்தான் எறிவீர்கள்.

பயத்தின் அளவு என்பது பொருள் வைத்த நாள் நேரத்திலிருந்து பொருள் இல்லாத நாள் நேரத்தைக் கழித்தது. கழிக்காமல் விட்டால் பசியையும் பயத்தையும் கலந்துவிடுவீர்கள். திருவிழா, அமாவாசை நாள்களில் அளக்காதீர்கள். அன்று வீட்டுக்கு வீடு காகத்துக்குச் சோறு கிடைக்கும், எந்தக் காகமும் அவசரப்படாது. சராசரியை விட நடுவெண் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) பொருத்தம்.

பெரும்பாலான பள்ளி ஆய்வுகள் சறுக்கும் இடம் வேறு. ஐந்து நாளும் வந்தது ஒரே காகமாக இருக்கலாம். அப்போது உங்களிடம் இருப்பது ஐந்து காகங்களின் அளவு அல்ல, ஒரு காகத்தின் ஐந்து அளவு. அரை கிலோமீட்டர் இடைவெளியில் நாலைந்து மாணவர் வீடுகளில் ஒரே சமயம் செய்தால் இந்தக் குறை தீரும். அதட்டி ஓட்டும் காகம் ஒன்று வந்தால் மற்றவை பயத்தால் விலகினவா, அதற்கு அஞ்சி விலகினவா என்பது தெரியாது. அந்த நாளைத் தனியே குறியுங்கள். கண் வரைந்த பொருளை வைக்காதீர்கள், அது வேறு பயம்.

இதே முறையின் செம்மையான வடிவத்தில்தான் லின் மார்ட்டின் குழு சிட்டுக்குருவிகளைச் சோதித்தது. நியூ ஜெர்சியில் சிட்டுக்குருவி குடியேறி 150 ஆண்டு, பனாமாவின் கோலோனில் ஏறத்தாழ 30 ஆண்டு. கோலோன் குருவிகள் இதுவரை கண்டிராத உணவை முன்வந்து தின்றன, நியூ ஜெர்சிக் குருவிகள் தயங்கின. அதாவது, துணிச்சல் குடியேறும் காலத்துச் சரக்கு. ஊர் பழகிய பிறகு எச்சரிக்கைக்கே மதிப்பு.

கேள்வி: மூளை இத்தனை உதவும் என்றால் எல்லா விலங்குக்கும் ஏன் பெரிதாகவில்லை? (தொழிற்சங்க ஊழியர், கோவை)

பதில்: தீனிச் செலவு கட்டுப்படியாகாது. நம் உடல் எடையில் 2 சதவீதமான மூளை, ஓய்வில் செலவாகும் ஆற்றலில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. தூங்கினாலும் மீட்டர் ஓடும்.

இதை நேரடியாகச் சோதித்தது சுவீடனில், மீன்தொட்டிகளில் நாம் பார்க்கும் கப்பி மீனை வைத்து. அலெக்சாண்டர் கோட்ரஷால், நிக்லாஸ் கோல்ம் குழுவினர் மூளை பெரிதான பெற்றோரின் குஞ்சுகளைத் தனியாகவும் சிறிதானவற்றின் குஞ்சுகளைத் தனியாகவும் பெருக்கினார்கள். இரண்டே தலைமுறையில் இரு வரிசைகளுக்கும் மூளை அளவில் 9 சதவீத வித்தியாசம். மூளை பெரிதான பெண்மீன்கள் எண்ணிக்கையை வேறுபடுத்தும் பாடத்தில் தேர்ந்தன, வேட்டை மீன் உள்ள செயற்கை ஓடையில் அதிகம் பிழைத்தன. விலை என்ன? ஆண்களின் குடல் 20 சதவீதம், பெண்களின் குடல் 8 சதவீதம் சிறுத்தது. முதல் ஈற்றில் குஞ்சுகள் 19 சதவீதம் குறைந்தன. வேட்டையாடி இல்லாத, இரை தாராளமான குளத்தில் இந்தப் பெரிய மூளை வெறும் நட்டக் கணக்கு.

கேள்வி: புறாவைப் பார்த்தால் அப்படியொன்றும் சூட்டிகையாகத் தெரியவில்லை. பிறகு எப்படி மாடிக்கு மாடி? (இல்லத்தரசி, அண்ணாநகர், சென்னை)

பதில்: நகரத்துக்குள் நுழைய இரண்டு வாசல்கள். பல நகரங்களின் பறவைகளை ஒப்பிட்டு 2020-இல் ஃபெரான் சயோல் குழு சொன்னது இது: பெரிய மூளை, அல்லது வாழ்நாளில் அடிக்கடி முட்டை. காகம் முதல் வாசலில் வந்தது, புறா இரண்டாவதில். தடவைக்கு இரண்டே முட்டை என்றாலும் பதினெட்டு நாளில் பொரித்து, ஆண்டுக்குப் பல தடவை இடும். ஒரு தடவை தோற்றால் அடுத்த தடவை. கூட்டைக் கலைத்தால் திரும்ப வருவது அறிவால் அல்ல, பிடிவாதத்தால். உங்கள் பால்கனிக்கு வலைதான் மருந்து.

கேள்வி: தொல்லை தரும் யானையைப் பிடித்து வேறு காட்டில் விட்டால் திரும்பி வருகிறதே. அத்தனை பெரிய மூளைக்குப் புதுக் காடு பழகாதா? (விவசாயி, கம்பம்)

பதில்: உங்கள் ஊரே கண்ட கதை. 2023 ஏப்ரல் 29-இல் இடுக்கியின் சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட அரிக்கொம்பன் ஒரு மாதத்துக்குள் கம்பம் நகருக்குள் வந்தது. ஜூன் 5-இல் மீண்டும் பிடித்து, களக்காடு முண்டந்துறையின் மேல்கோதையாறு பகுதியில் விட்டார்கள்.

இலங்கையில் பிருதிவிராஜ் பெர்னாண்டோ குழுவினர் இப்படி இடம் மாற்றிய 12 ஆண் யானைகளுக்கு ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டை மாட்டித் தொடர்ந்தார்கள். 2012-இல் வெளியான முடிவில் யானைகள் மூன்று வகையாகப் பிரிந்தன. பழைய இடத்துக்கே திரும்பியவை, எங்கும் தங்காமல் அலைந்தவை, விட்ட இடத்துக்கு அருகில் தங்கியவை. மனித, யானை மோதலும் யானைச் சாவுகளும் இடமாற்றத்தால் குறையவில்லை, கூடின.

புதுக் காடு பழகாது என்பதல்ல சிக்கல். பழைய இடம் மறக்காது. எந்த மாதம் எந்த ஓடையில் தண்ணீர், எந்த வீட்டில் அரிசி மூட்டை என்பதெல்லாம் பல ஆண்டுகளில் சேர்த்த சொத்து. புதிய இடத்தில் அந்தச் சொத்து பூஜ்யம். மேலும், அரிசியும் வாழையும் சுவைத்த யானைக்குப் புதிய காட்டின் விளிம்பில் உள்ள ஊரும் தெரிந்த சூழல்தான், காகத்துக்கு மொம்பாசா போல. புத்திசாலித்தனமே நம் ஏற்பாடுகளை முறிக்கவும் செய்யும்: தந்தம் மின்சாரம் கடத்தாது என்று கண்டுகொண்ட யானைகள் சோலார் வேலிக் கம்பியைத் தந்தத்தால் அறுக்கின்றன. வேலியோரம் மரம் இருந்தால் அதைச் சாய்த்துக் கம்பி மேல் போடுகின்றன. ஆகவே வேலிக்கு இருபுறமும் மரம், புதர் வெட்டிச் சுத்தமாக வைப்பது மின்னழுத்தத்தைவிட முக்கியமானது. செடி தொட்டாலே மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிடும். பட்டென்று அடிக்காத வேலியைத் தொட்டுப் பார்த்த யானை, "இது வெறும் கம்பி" என்ற பாடத்தையும் மறக்காது.

கேள்வி: ஆஸ்திரேலியாவைத் தேரை ஆட்டி வைக்கிறது. அதற்கு என்ன பெரிய மூளை? (பொறியாளர், மதுரை)

பதில்: ஒன்றும் இல்லை. 1935-இல் ஹவாயிலிருந்து குயின்ஸ்லாந்தின் கரும்புத் தோட்டங்களுக்கு நூற்றுச் சொச்சம் கரும்புத் தேரைகள் வந்தன. ஒரு தடவையில் ஆயிரக்கணக்கில் முட்டை, தோலில் நஞ்சு, எதையும் விழுங்கும் வாய். இந்த மூன்றும் போதுமானதாயிருந்தன. பரவல் முனையில் உள்ள தேரைகளின் கால் நீண்டிருப்பதை 2006-இல் கண்டார்கள். முன்னே போவது நெட்டைக்காலி என்பதால் அவை தமக்குள்ளேயே இணைந்து பெருகுகின்றன.

கற்க வேண்டியது அங்கே தேரை அல்ல, அதைத் தின்று சாகும் உள்ளூர் விலங்குகள். ரிக் ஷைன் குழுவினர் அதற்கு ஒரு வழி கண்டார்கள். சிறிய செத்த தேரையில் தையபென்டசோல் என்ற குமட்டல் மருந்தைச் சேர்த்து, குவால் என்ற சிறு வேட்டை விலங்குக்குக் கொடுத்தார்கள். தின்றது, உமட்டியது, பிறகு உயிருள்ள தேரையைத் தொடவில்லை. பின்னர் மேற்கு ஆஸ்திரேலியாவில் நன்னீர் முதலைகளுக்கு நஞ்சுப் பகுதி நீக்கிய தேரை உடலில் லித்தியம் குளோரைடு ஏற்றித் தொங்கவிட்டார்கள். தேரைப் படை வந்து சேருவதற்கு முன்பே இந்தப் பாடம் முடிய வேண்டும். முதல் தேரையே பெரிய தேரையாக இருந்தால் கற்க உயிர் மிஞ்சாது.

கேள்வி: பறவை மூளை இத்தனூண்டு. அதை எப்படி அளக்கிறார்கள்? குரங்கோடு கிளியை ஒப்பிடுவது நியாயமா? (மருத்துவ மாணவர், யாழ்ப்பாணம்)

பதில்: அருங்காட்சியக மண்டையோடு போதும். கண் நரம்புத் துளை முதலானவற்றைப் பஞ்சால் அடைத்து, பின்மண்டைப் பெருந்துளை வழியாகப் பொடி ஈயக்குண்டு நிரப்பி, மெல்லத் தட்டி, மீண்டும் நிரப்பி, அளவுக்குழாயில் கொட்டிக் கொள்ளளவு பார்ப்பார்கள். மில்லிலிட்டரை 1.036-ஆல் பெருக்கினால் கிராம். தட்டாமல் நிரப்பினால் இடுக்குகள் வெறுமையாக நின்று அளவு குறையும். சிறு பறவைக்குப் பெரிய குண்டு போட்டாலும் அப்படியே. பல்லி, ஆமைக்கு இந்த முறை கூடாது, அவற்றின் மூளை மண்டைக்குழியை நிறைப்பதில்லை.

ஆனால் நீங்கள் சந்தேகப்படுவது சரி. அளவு ஒரு நிழல் மட்டுமே, உள்ளே எத்தனை நரம்பணு என்பதே பொருள். பிரேசிலின் சுசானா எர்குலானோ ஹூசெல் 2005-இல் ஒரு வழி கொண்டுவந்தார். பதப்படுத்திய மூளையைச் சோப்புக் கரைசலில் அரைத்து ரசம் போலாக்கினால் செல் சவ்வுகள் கரைந்து உட்கருக்கள் மட்டும் மிதக்கும். சாயமேற்றி ஒரு துளியில் எண்ணி, மொத்தக் கொள்ளளவால் பெருக்க வேண்டும். 2016-இல் இதே முறையில் பறவைகளை எண்ணியபோது, 20 கிராம் மூளை கொண்ட நீல மஞ்சள் மக்காவ் கிளியின் முன்மூளையில், 87 கிராம் மூளை கொண்ட ரீசஸ் குரங்கின் பெருமூளைப் புறணியைவிட நரம்பணுக்கள் அதிகம் இருந்தன. யானைக்கு 25,700 கோடி நரம்பணு, நமக்கு 8,600 கோடி. ஆனால் யானையினதில் 98 சதவீதம் சிறுமூளையில் இருக்கிறது.

கேள்வி: பருவத்துக்கு ஏற்ப மூளையே மாறும் விலங்கு உண்டா? (மாணவர், சேலம்)

பதில்: ஐரோப்பாவின் சாதாரண மூஞ்சூறு. குளிர்காலத்தில் அதன் மண்டையோடு சராசரி 15 சதவீதம் சுருங்கி, வசந்தத்தில் 9 சதவீதம் மீள்கிறது. இரை கிடைக்காத காலத்தில் செலவைக் குறைக்கும் ஏற்பாடு என்று கருதுகிறார்கள். இடம் பெயராத விலங்குக்குக் குளிர்காலமே புது ஊர்தான்.

கேள்வி: டோடோ அழிந்தது முட்டாள்தனத்தாலா? (ஓய்வு பெற்ற ஆசிரியர், புதுச்சேரி)

பதில்: வீண்பழி. 2016-இல் மண்டையோட்டை சி.டி. ஸ்கேன் செய்து பார்த்ததில் அதன் மூளை உடலுக்குத் தக்க அளவில், புறாக் குடும்பத்துக்கு உரியபடியே இருந்தது. மோப்பப் பகுதி புறாவைவிடப் பெரிது. மொரீசியசில் தரைவாழ் வேட்டையாடி இருந்ததில்லை. பயம் என்ற செலவு தேவைப்படாத இடத்தில் பன்றியும் எலியும் குரங்கும் மனிதரும் திடீரென்று வந்தார்கள். கற்கத் தலைமுறை கிடைக்கவில்லை.

கேள்வி: சிட்னியில் காக்கட்டூ கிளிகள் குப்பைத்தொட்டி திறப்பதை வீடியோவில் பார்த்தேன். ஒன்றைப் பார்த்து ஒன்று கற்கிறதா, எல்லாம் தானே கண்டுபிடிக்கிறதா? (வாசகி, சிட்னி)

பதில்: பார்த்துத்தான் கற்கின்றன. 2018-க்கு முன் மூன்று புறநகர்களில் மட்டும் இருந்த பழக்கம் 2019 முடிவில் 44 புறநகர்களில் இருந்தது. தூரத்தில் தாவித் தாவித் தோன்றவில்லை, பக்கத்து ஊரிலிருந்து பக்கத்து ஊருக்கு ஊர்ந்தது. தானே கண்டுபிடித்திருந்தால் வரைபடம் அப்படி இருக்காது. பார்பரா க்ளம்ப் குழுவினர் சாயம் பூசி அடையாளமிட்ட பறவைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் வேலை தெரிந்தது, அவற்றிலும் பெரும்பாலானவை ஆண்கள். மற்றவை திறந்த தொட்டியில் பங்குக்கு வருபவை.

வேலை ஐந்து படி: முன்விளிம்பை அலகால் நெம்புதல், தூக்குதல், பிடித்துக்கொள்ளுதல், விளிம்பில் கீல் பக்கமாக நடத்தல், மூடியைப் பின்னால் கவிழ்த்தல். தடுக்க வேண்டியது நான்காம் ஐந்தாம் படியை. மூடி மேல் செங்கல் வைத்தால் சில வாரத்தில் தள்ளக் கற்றுவிடுகின்றன. பக்கவாட்டில் தளர்வாகக் கட்டிய கயிறும் நீடிக்காது. மூடி பின்னால் சாயாதபடி கீல் இடுக்கில் பழைய காலணியோ கட்டையோ செருகுவது அதிக நாள் தாங்குகிறது. ஆனால் குப்பை வண்டியின் கை தொட்டியைக் கவிழ்க்கும்போது மூடி தானே திறக்க வேண்டும், பூட்டிக் கட்டினால் குப்பை அப்படியே வீட்டுக்குத் திரும்பும். மூடியிலேயே எடையை இறுகப் பொருத்துபவர்கள் அந்த எடை கவிழும்போது கழன்று வண்டிக்குள் விழாதபடி திருகாணி போட்டு முடுக்க வேண்டும்.